தழும்பில்லாக் காயம்

உழைக்க வந்த இடத்தில் ஒருவர் உடலுக்கு நேர்ந்த கேட்டை முற்றும் ஆராய்ந்தறிய வேண்டிய கடமை, இழப்பீட்டுத் தொகையை வழங்கிய அன்றே தீர்ந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகின்ற புண்ணை ஆற்றுவது மருத்துவத்தின் முதற்பணியென்றால், தெரியாத காயத்தைத் தேடிக் காண்பது அதனினும் அரிய பணியாகும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசு ஆலைகளில், மணிமருந்து எனப்படும் வெடிக்கலவையின் ஓர் உராய்வே ஆலையைத் தரைமட்டமாக்கிவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாய்ந்தன. அதன் பின்னரும் வெடிவிபத்துகள் ஓய்ந்தபாடில்லை. ஒவ்வொரு முறையும் மாண்டவர் எத்தனை பேர், பிழைத்தவர் உடலில் தீக்காயம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கில் மூளைக்கு இடம் கிடைப்பது அரிது.

வெடிப்பிலிருந்து எழும் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிப்பதோடு, மண்டையோடு உடையாத நிலையிலும் மூளையைத் தாக்கவல்லது. போர்க்களத்தில் குண்டதிர்ச்சிக்கு (shell shock) ஆளான படைவீரர்களைக் குறித்து 1915-இல் மருத்துவர் சார்லசு மையர்சு எழுதினார். குண்டுவெடிப்பில் சிக்கிய வீரர்தம் மூளைத் திசுக்களில் தனித்தன்மையுடைய வடுக்களை அமெரிக்க அறிஞர் டேனியல் பெர்ல் 2016-இல் எடுத்துக்காட்டினார். பட்டாசு மருந்தின் ஆற்றல் போர்க்குண்டுக்கு நிகரன்று என்பது உண்மையே. எனினும் நான்கு சுவர்களுக்குள் வெடிக்கும்போது அது தொழிலாளர் மூளைக்கு என்ன செய்கிறது, இடிந்து விழும் கூரையும் சுவரும் அதனோடு என்ன சேர்க்கின்றன என்பவற்றை ஆராய்வதற்கு இவ்வட்டாரத்தினும் பொருத்தமான களம் வேறில்லை. காது இரைகிறது, தலை கிறுகிறுக்கிறது, சொன்னது மறந்துபோகிறது என்று பிழைத்தவர் முறையிட்டால், அதனை அச்சத்தின் எச்சமென ஒதுக்குவது அறமாகாது.

ஆராயாது நம்பியதன் விளைவுக்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்றுண்டு. தலைக்காயத்துக்கு நன்மை தருமென நெடுங்காலம் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து, பதினாயிரம் நோயாளரிடம் செய்த ஆய்வின் முடிவில் இறப்பையே மிகுவித்தது என 2004-இல் தெரியவந்தது. மூளையைத் தாக்கும் மற்றொரு நோயான பக்கவாதத்தில் நரம்பணுக்களைக் காக்குமென 2006-இல் நம்பிக்கையூட்டிய ஒரு மருந்து, பின்னர் வந்த பெரிய ஆய்வொன்றில் தோற்றது. ஆகவே தலைக்காயத்துக்கு இன்று கைவசம் உள்ளவை எளியவையே: மூச்சும் இரத்த அழுத்தமும் வீழாமல் காத்தல், மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசேர்த்தல்.

2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இந்த ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்க வேண்டும். வெடிவிபத்தில் பிழைத்த ஒவ்வொருவரின் செவித்திறனையும் நடைச்சீரையும் நினைவாற்றலையும் உடனேயும், ஓராண்டு கழித்தும், அதன் பின்னரும் சோதித்துப் பதிவேடு பேணுதல் அதன் தொடக்கமாகட்டும். செலவில் ஒரு பங்கை ஆலை உரிமையாளர்களும் ஏற்பதே முறை. கிறுகிறுப்போடு மருந்துக் கலவை அறைக்குத் திரும்பும் ஒருவரால் அருகிலிருக்கும் அனைவரின் உயிரும் இடருக்குள்ளாகும் என்பதால், இச்சோதனையில் தேறிய பின்னரே அவ்வறைப் பணி என்பதையும், அதுவரை கூலி நிற்காது என்பதையும் அரசு ஆணையாக்க வேண்டும். பழைய விபத்துகளில் பிழைத்து ஊர்களில் முடங்கியிருப்போரின் பெயர்களே அப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் ஏற வேண்டும்.