அப்பாவின் அலமாரியில் ஒரு பெட்டி



போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபை மண்டபத்தின் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் சபையின் அண்ணன் ஒருவர் வந்து, "தங்கச்சி, நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறனீங்கள். இந்தக் கம்ப்யூட்டர் கேம் ஒரு வருத்தமோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத் தமிழில் வருத்தம் என்றால் நோய். திருநெல்வேலிக்காரியான எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம் ஆனது.

அவருடைய மகனுக்கு வயது 16. மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரு ராத்திரி அப்பா இன்டர்நெட் பெட்டியைக் கழற்றிக் காரில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாளிலிருந்து மகன் சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினான். நடுவில் அம்மா. (இருவரிடமும் கேட்டுவிட்டு, பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.)

அவர் கேள்விக்கு முதலில் நர்சாகப் பதில் சொன்னேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் கேம் பழக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் விளையாடுவது மட்டும் அந்தக் கோளாறு ஆகாது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல், படிப்பு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றையும் அது தள்ளிவிட்டு, கெடுதல் தெரிந்த பிறகும் தொடர்ந்து, வழக்கமாக 12 மாதமாவது அப்படியே போனால்தான் அந்தப் பெயர். அப்படி ஒரு நிலை என்றால் வெட்கப்படாமல் வீட்டு டாக்டரிடம் போக வேண்டும். இந்தப் பையனோ பள்ளிக்கூடம் போகிறான், கால்பந்து ஆடுகிறான், ஒழுங்காகத் தூங்குகிறான். "இது வருத்தம் இல்லை அண்ணா, பிணக்கு" என்றேன்.

பிறகு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: "உங்க சின்ன வயசுல நீங்க என்ன கேம் விளையாடுனீங்க?"

அவர் சிரித்தார். "எங்கட காலத்தில கேம் எங்க தங்கச்சி? கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள்."

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பெடலைக் கையால் சுற்றிய ஒருவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். "இதை மகன்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றேன். "அவன் எங்க கேட்கிறான்?" என்றார்.

என் கதைக்கு வருகிறேன். 1999-ல் பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். சார் பாடம் முடித்துத் திரும்பியதும், கறுப்புத் திரையில் நான்கைந்து எழுத்தைத் தட்டுவோம். இளவரசன் வந்துவிடுவான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. நிலவறையில் அடைபட்ட வெள்ளை உடுப்பு இளவரசன் 60 நிமிடத்துக்குள் மேலே ஏறி இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். எங்கள் பீரியடோ 40 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி உண்டு என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் அம்புக்குறி விசைகள். பக்கத்தில் இருந்தவள் ஷிஃப்ட் விசை. அதை அழுத்திப் பிடித்தால்தான் இளவரசன் விளிம்பைப் பற்றித் தொங்குவான். விட்டால் கீழே முள். மூன்றாமவள் வாசலைப் பார்த்துக்கொள்வாள், சார் வருகிறாரா என்று. இளவரசியை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் ஷிஃப்ட் விசைக்காரி என்னை எத்தனை முறை விழாமல் பிடித்திருக்கிறாள் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

போன குளிர்காலத்தில், இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத ஒரு காலையில் அந்த ஆட்டத்தைத் தேடினேன். 'டாஸ்பாக்ஸ்' என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. இன்றைய மடிக்கணினியை அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் போல நடிக்க வைக்கும். திரை கறுத்தது, இசை வந்தது, என் சுண்டுவிரல் தானாக ஷிஃப்ட் விசையைத் தேடியது. பிறகுதான் அதன் கதையைப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அதைச் செய்தவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர். 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியிட்டார். அந்த இயந்திரத்தின் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்ததால் ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிய பிறகுதான் உலகம் முழுவதும் பரவி, எங்கள் பாளையங்கோட்டை வரைக்கும் வந்தது. இளவரசன் அவ்வளவு நிஜமாக ஓடுவதற்குக் காரணம், அது நிஜமான ஓட்டம். மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு போட்டு, ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிரான்சிஸ்.

அந்த அப்பாவின் தொழில் இசை இல்லை. அவர் உளவியலாளர். வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது அவர் சிறு பையன். குடும்பம் சிதறி, பிரான்ஸ், கியூபா என்று அலைந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அந்த அகதிப் பையன் வளர்ந்து அப்பாவாகி, மகனுடைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். அந்த ஆட்டத்தின் மூல நிரல், அதாவது மெக்னர் கையால் தட்டிய அசல் வரிகள், தொலைந்துபோயின. பல வருடம் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் அவருடைய அப்பா தன் வீட்டு அலமாரியின் பின்பக்கம் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதற்குள் பழைய ஃபிளாப்பித் தட்டுகள். காந்தப் பூச்சில் பதிந்தது காலப்போக்கில் மங்கிவிடும். 20 வருடம் கழித்துப் படிக்க முடியுமா என்பதே சந்தேகம். பழைய கம்ப்யூட்டர் தெரிந்த சிலர் கூடி உட்கார்ந்து அதைப் படித்து எடுத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் அந்த வரிகளைப் பார்க்கலாம். தன் விளையாட்டு தொலைந்துவிட்டது என்று மகன் நினைத்திருந்த அத்தனை வருடமும் அது அப்பா வீட்டிலேயே இருந்திருக்கிறது.

ஜெர்மனியிலும் இப்படிக் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெர்லினில் கார்ல் மார்க்ஸ் அலேயில் கம்ப்யூட்டர் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1997-ல் தொடங்கி, நடுவில் மூடப்பட்டு, 2011-ல் இந்த இடத்தில் மறுபடி திறந்தார்கள். அங்கே 'போலி பிளே' என்ற இயந்திரத்தைப் பார்த்தேன். 1980-களின் நடுவில் கிழக்கு ஜெர்மனியில், இன்று கெம்னிட்ஸ் என்று அழைக்கப்படும் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்டில் செய்தது. மரப்பெட்டி, ஒரு திரை, எட்டு விளையாட்டுகள். ஒரு ஆட்டத்துக்கு 50 பெனிக். 'முயலும் ஓநாயும்' என்ற ஆட்டம் நம் பேக்மேன் மாதிரியே இருக்கும். சுவர் இடிந்து நாடு ஒன்றானதும் அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் குப்பைக்குப் போய்விட்டன. தப்பியவை மிகக் குறைவு. அதை என் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன்.

அந்தப் படம் வேலையில் உதவியது. எங்கள் வார்டில் இடுப்பு எலும்பு அறுவை முடிந்து ஒருவர் படுத்திருந்தார். சாக்சனிக்காரர், 50 வயது தாண்டியவர். கேட்டதற்கு மட்டும் பதில். நடைப்பயிற்சிக்கு எழும்ப மாட்டார். இங்கே நர்சிங்கில் 'பயோகிராஃபி வேலை' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து அவரைக் கவனிக்க வேண்டும். அவர் ஊரைக் கேட்டதும் எனக்குப் படம் நினைவுக்கு வந்து காட்டினேன். கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பால்டிக் கடலோரத்து விடுமுறை இல்லம், வரிசையில் நின்ற பிள்ளைகள், அம்மா பர்ஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்த 50 பெனிக் காசுகள் என்று பேசிக்கொண்டே போனார். அம்மா இறந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றும் சொன்னார். மூன்று நாளாக எங்கள் யாருக்கும் அது தெரியாது. அன்று மாலை வராந்தா முடிவு வரை நடந்தார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு மடிக்கணினியைச் சபைக்குக் கொண்டுபோனேன். மதியச் சாப்பாடு முடிந்து அடுப்படியில் மேசையைத் துடைத்துத் திறந்து வைத்து, அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். "இது கேமா அக்கா?" என்று சிரித்தான். உட்கார்ந்தான். முதல் பள்ளத்தில் விழுந்தான். அடுத்ததில் முள். நான்கு முறை இளவரசன் செத்ததும் சிரிப்பு நின்று, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்பா பின்னால் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அடுத்த தாவலுக்குத் தயாரானபோது அவர் குரல் வந்தது: "மெல்லப் போ தம்பி. அந்தக் கல்லு ஆடுது."

உண்மைதான். அந்த ஆட்டத்தில் சில தளக்கற்கள் காலை வைத்தால் உடைந்து விழும். பக்கத்தில் குதித்தால் லேசாக ஆடும். ஒரு நொடிதான் ஆடும். தினமும் விளையாடுகிறவன் கண்ணில் படாதது, கேம் விளையாடவே தெரியாதவர் கண்ணில் பட்டது.

"எப்படிப்பா பார்த்தீங்கள்?" மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் கேள்வி.

துடைத்த தட்டைக் கீழே வைத்தார். "இருட்டில நடந்து பழகின கண் தம்பி. நாங்கள் இரவில இடம்பெயர்ந்து போகேக்க, கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வை எண்டு அம்மம்மா சொல்லிக்கொண்டே வருவா."

பையன் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். "எத்தனை வயசு உங்களுக்கு?" நான் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். இளவரசனுடைய 60 நிமிடம் யாரும் தொடாமல் ஓடி முடிந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இன்டர்நெட் பெட்டி காரிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தம். அது வாரத்தில் இரண்டு நாள் மீறப்படுகிறதாம், சத்தமும் வருகிறதாம். ஆனால் சாப்பாட்டுத் தட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது.

அந்த விளையாட்டில் ஒரு இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். (விளையாடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) இளவரசனைப் போலவே ஒரு நிழல் மனிதன் எதிரே வருவான். அவனை வரைய கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் இல்லாமல், இளவரசன் உருவத்தையே நிழலாக மாற்றி எதிராளி ஆக்கினார் மெக்னர். கடைசிக் கட்டத்தில் அவனோடு கத்திச்சண்டை வரும். அவனை வெட்டினால் அடி உங்களுக்கே விழும். கத்தியை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால்தான் வழி திறக்கும்.

தம்பி தங்கைகளே, இந்த மாதம் ஒரு பயோகிராஃபி வேலை செய்து பாருங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ மூன்றே கேள்வி கேளுங்கள்: என் வயதில் நீங்கள் என்ன விளையாடினீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? அது எப்படி நின்றுபோனது? கிட்டிப்புள் என்பார்கள், பல்லாங்குழி என்பார்கள், நோக்கியா கைபேசியில் பாம்பு என்பார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகலாம். காத்திருங்கள். பெற்றோருக்கும் ஒன்று: நிறுத்தச் சொல்வதற்கு முன் ஒரு அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆடுகிற கல் உங்கள் கண்ணுக்குத் தெரியலாம்.

நானும் என் வேலையைச் செய்தேன். ஷிஃப்ட் விசைக்காரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். தூத்துக்குடியில் டீச்சராக இருக்கிறாள். போனை எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, இளவரசியப் பாத்தியா இல்லையா?"

இன்னும் இல்லை. அவள் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகும்போது சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா