அஞ்சு நிமிஷ சூரியன்

ஃபிசிக்ஸ் லேப்ல நியூட்டன் வளையத்தை எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போன ஆளா நீங்க? 'இதை எண்ணி என்னத்தைக் கிழிக்கப் போறோம்'னு ரெக்கார்ட் நோட்டைத் தூக்கிப் போட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க. அதே சங்கதியை வெச்சு சூரியனையே படம் பிடிச்ச ஒரு புரொஃபசர் இருந்தார்.

பேரு ஆர்தர் வாக்கர். 1936-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். ஸ்கூல்ல 'சயின்ஸ்தான் படிப்பேன்'னு சொன்னதும், 'கறுப்பினப் பையனுக்கு அதுல எதிர்காலம் இல்லை'ன்னு ஓர் ஆசிரியர் தட்டிக் கழிக்கப் பார்த்தார். அவங்க அம்மா நேரா ஸ்கூலுக்கே போய், 'என் பிள்ளை எதை விரும்புறானோ அதைத்தான் படிப்பான்'னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அந்த அம்மாவுக்கு ஒரு 'ஓ' போடுங்க!

1962-ல் டாக்டரேட். அப்புறம் அமெரிக்க விமானப்படையில் செயற்கைக்கோள் கருவிகள் செய்யும் வேலை. 1974-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புரொஃபசர்.

சூரியனோட மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதைச் சுத்தியிருக்கிற கரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல! அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுற கதை. அதைப் புரிஞ்சுக்க, கரோனா வீசுற எக்ஸ்-கதிர்களையும் அதீத புற ஊதாக் கதிர்களையும் படம் பிடிக்கணும். ஆனா நம்ம காற்று மண்டலம் அதைக் கீழே விடாது. சரி, ராக்கெட்ல மேலே போனா? அங்கேயும் வில்லங்கம். சாதாரணக் கண்ணாடியில் நேரா விழுந்தா, அது அந்தக் கதிர்களை முழுங்கிடும். அதனால, குளத்துல ஓட்டாஞ்சில்லு தத்திப் போற மாதிரி, கதிர் உரசிக்கிட்டே போற கண்ணாடிகளைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தாங்க. செய்யக் கஷ்டம், செலவும் அதிகம்.

வாக்கரும் டிராய் பார்பீயும் பிடிச்சது வேற ரூட். ரெண்டு வகைப் பொருளை மாத்தி மாத்தி, நானோமீட்டர் கணக்கில் படலமா அடுக்கின கண்ணாடி. ஒரு படலம் திருப்பி அனுப்புறது ரொம்பக் கொஞ்சம். ஆனா கனம் கரெக்டா இருந்தா, எல்லாப் படலத்துலேர்ந்தும் திரும்புற அலைகள் ஒண்ணோடொண்ணு கைகோத்துக்கும். அட, நீங்க லேப்ல எண்ணின அதே குறுக்கீட்டு விளைவுதான்!

1987 அக்டோபர். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளம். இந்த மாதிரி சின்ன ராக்கெட், பூமியைச் சுத்தாது. மேலே போய்ட்டு விழுந்துடும். சூரியனைப் பார்க்கக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம் சொச்சம். வருஷக்கணக்கா உழைச்சதுக்கு அவ்வளவுதான். ஃபிலிம் மாட்டிக்கிட்டாலோ, மூடி திறக்கலைன்னாலோ அரியர் எழுதக்கூட வாய்ப்பில்லை.

படம் வந்தது. கரோனாவின் வளைவுகள் தெளிவா விழுந்திருந்துச்சு. 1988-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. பிறகு சோஹோ, டிரேஸ், எஸ்.டி.ஓ. விண்கலங்கள் சூரியனைப் படம் பிடிச்சதும் இதே வகை அடுக்குக் கண்ணாடியில்தான்.

இவர்கிட்ட டாக்டரேட் பண்ணின ஒரு மாணவியை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண், சாலி ரைடு! 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடிச்சதை விசாரிச்ச கமிஷனில் குருவும் சிஷ்யையும் சேர்ந்தே உட்கார்ந்தாங்க.

அடுத்து, ஒரே ராக்கெட்டில் பல டெலஸ்கோப்புகளை அடுக்கி அனுப்பினார் வாக்கர். 1991, 1994-ன்னு ரெண்டு தடவை பறந்தது. மூணாவதுக்குத் தயாராகிட்டிருந்தப்ப, 2001-ல் அவர் காலமானார். அடுத்த வருஷமே அந்த ராக்கெட்டும் கிளம்பிடுச்சு, அவரோட டெலஸ்கோப்புகளைச் சுமந்துக்கிட்டு.