பாரம் ஏறும்போது கேட்கும் சத்தம்



நிழலில் நிற்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டியே. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அமைதியாக ஓடும். சமமான சாலையில் நிதானமாகச் சென்றால் குறை ஒன்றும் தெரியாது. திருவண்ணாமலையிலிருந்து நம் கலசப்பாக்கம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில், கரும்பு ஏற்றிய டிராக்டரை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் அது வாய் திறக்கிறது. குடும்பத்தோடு ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் ஏறும்போது அந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? பாட்டின் ஒலியைச் சற்றுக் கூட்டுகிறோம். அல்லது, "வண்டிதான் ஓடுகிறதே" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். இது சரியன்று என்பதே இந்த வாரம் நான் உங்கள் முன் வைக்கும் கருத்து. அந்தச் சத்தம் நமக்குப் பகையன்று, அது சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் வாயடைப்பது எந்த நீதிமன்றத்திலும் நியாயமாகாது. நம் வண்டியிலும் நியாயமாகாது.

சாட்சி சொல்வதைப் புரிந்துகொள்ள, அதன் மொழி சிறிதாவது தெரிந்திருக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது எழும் சத்தங்களில் மூன்றை நாம் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். பெட்ரோல் எஞ்சினில், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ சிலிண்டருக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். பாரம் கூடி, வெப்பமும் அழுத்தமும் மிகும்போது, தீ வந்து சேருமுன்னே ஓரத்தில் எஞ்சியிருக்கும் எரிபொருள் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டரின் சுவரில் மோதுவதே நாம் கேட்கும் தட்டல். ஆக்டேன் குறைந்த பெட்ரோல், உள்ளே படிந்த கரி, எஞ்சின் மிகுதியாகச் சூடாதல், பிளக் தீயிடும் நேரம் முந்திப்போதல் ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே சேதமடையும்.

இரண்டாவது, எஞ்சினின் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு வந்து, மிதிக்க மிதிக்க விரைவுபடும் சத்தம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உரக்கக் கேட்டு, சூடேறியபின் அது குறையுமானால், புகை வெளியேறும் மேனிஃபோல்டிலோ அதன் கேஸ்கெட்டிலோ கசிவு இருக்கக்கூடும். பின்பக்கத்திலிருந்து உறுமல் கேட்டால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம்.

மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கேட்கும் கிடுகிடுப்பு. சைலன்சரை மூடியிருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் தளர்ந்தாலே இப்படிக் கேட்கும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் பெருஞ்செலவு ஆகாது.

இம்மூன்றில் எது உயிரைத் தொடக்கூடியது? நாக்கிங் பணத்தைத் தின்னும். தகடு பொறுமையைத் தின்னும். புகைக் கசிவோ உயிரையே கேட்கும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கசிவுள்ள வண்டியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் செல்லும்போது பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கினால், "பயணக் களைப்பு" என்று நாம் எண்ணிக்கொள்வோம். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் வருமானால், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்கிக் காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். பின்பு தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். மணமில்லாத அந்த வாயுவைப்பற்றி முன்னதாகவே நம்மை எச்சரிக்கக்கூடியது, நாம் பாட்டுப் போட்டு மறைக்கும் அந்த 'டிக் டிக்' சத்தமே.

சத்தத்தைக் கேளாமல் அடக்கியதால் உலகமே துன்பப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் கெட்டரிங் என்பவரின் கீழ் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி, நாக்கிங் சத்தத்துக்கு மருந்து தேடினார். 1921 டிசம்பரில், ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதை அவரும் அவருடன் இருந்தோரும் அறிந்திருந்தனர். ஆயினும் ஈயமே சந்தைக்கு வந்தது. 'எத்தில்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அத்திரவத்தைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தனர். அதே மாதம் 30-ஆம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அத்திரவத்தில் தம் கைகளைக் கழுவி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்தின ஆண்டே அவர் ஈய நஞ்சினால் நலங்குன்றி ஓய்வெடுக்க நேர்ந்திருந்தது. எஞ்சின் அமைதியாயிற்று, ஆனால் சாலையோரக் காற்றிலும் மண்ணிலும் பிள்ளைகளின் இரத்தத்திலும் ஈயம் சேர்ந்தது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. நம் நாட்டில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஒரு சத்தத்தை எளிதாய் அடக்கியதன் விலையை உலகம் நூறு ஆண்டுகள் செலுத்திற்று. இன்று நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால், அன்று ஒதுக்கிவைக்கப்பட்ட அதே ஆல்கஹால்தான். நம் வயல்களில் விளையும் கரும்பிலிருந்தும் அது கிடைக்கிறது.

பிரியமானவர்களே, இதை எண்ணும்போது எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வரும் பிலேயாமின் கழுதை நினைவுக்கு வருகிறது. அதுவும் பயண வாகனந்தானே! அது முதலில் வழியைவிட்டு வயலுக்குள் விலகிற்று, அடி வாங்கிற்று. பின்பு சுவரோடு ஒட்டி அவன் காலை நெருக்கிற்று, மறுபடியும் அடி. மூன்றாந்தரம் அவன் கீழே படுத்துக்கொண்டது; அவன் கோலால் அடித்தான். உருவின பட்டயத்தோடு வழியில் நின்ற தூதனை அவன் காணவில்லை, கழுதை கண்டது. வாய் திறக்கப்பட்டபோது அது கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இத்தனை காலம் நீர் என்மேல் ஏறி வந்தீரே, இப்படிச் செய்வது என் வழக்கமா என்ற கருத்தில் அது கேட்டது. இல்லை என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

வண்டியைப்பற்றி நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே. இது இந்த வண்டியின் வழக்கமா, அல்லது புதிதா? எப்போது தொடங்கியது? கடைசியாகப் பெட்ரோல் போட்டபின்னா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்னா? எந்தக் கியரில் கேட்கிறது? வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து மெல்ல மிதித்தால் கேட்கிறதா, பாரத்தோடு ஏறும்போது மட்டுமா? எஞ்சினின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? சக்கரத்தோடு மாறினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சினைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். அவரைப் பக்கத்தில் அமர்த்தி, சத்தம் வரும் அதே சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். கடைவாசலில் நிற்கும் வண்டி பெரும்பாலும் எதையும் சொல்லாது. விசாரியாமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போவது, காரணம் அறியாமல் கழுதையை அடிப்பதற்கு ஒப்பாகும். பணமும் போகும், பட்டயமும் வழியில் நிற்கும்.

இந்த ஞானம் நம் பகுதிக்குப் புதிதன்று. ஆரணிப் பட்டு நெய்யும் கைகளைக் கேளுங்கள். தறியின் ஓசை மாறினால், நெய்கிறவர் மிதியிலிருந்து காலை எடுத்துப் பாவைப் பார்க்கிறார். அறுந்த இழையோடு நெய்துகொண்டே போனால் சேலை முழுதும் குறைபடும் என்பது அவருக்குத் தெரியும். ஓசை மாறியதற்காக அவர் தறியின்மேல் கோபங்கொள்வதில்லை.

பாரம் ஏறும்போது மட்டும் குரல் மாறுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. மற்ற நாட்களில் அமைதியாயிருக்கும் மனைவி மாதக் கடைசியில் சினந்து பேசுகிறாள். தேர்வு நெருங்கும்போது மகன் வாயாடுகிறான். ஒருபோதும் குறை சொல்லாத வயதான தகப்பனார் திடீரென்று முறையிடுகிறார். "சத்தம் போடாதே" என்பது நம் வாயில் முதலில் வரும் பதில். அவர்களிடத்திலும் அதே கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்: இது இவர்களுடைய வழக்கமா? வழக்கமில்லையென்றால், நாம் காணாத எதையோ அவர்கள் வழியில் கண்டிருக்கிறார்கள்.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்பத்தோடு புறப்படுமுன், ஒருநாள் காலையில் பாட்டை நிறுத்திவிட்டு, ஆளில்லாத சாலையில் கண்ணாடிகளை இறக்கி, உங்கள் வண்டியைச் சற்று அழுத்தி மிதித்துக் கேளுங்கள். புதிதாக ஏதேனும் கேட்டால் ஒத்திப்போடாதீர்கள். மாலையில் வீட்டிலும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அதே பொறுமையோடு சற்றுநேரம் கேளுங்கள்.

உங்கள் பயணங்களையும் உங்கள் வீட்டாரையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. ஆமென்.