தெக்கோங் பயிற்சி இளகிவிட்டதா?

சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாயப் படைச் சேவையை முடித்துப் பல்லாண்டு கழிந்த பெரியவர்கள் இருவர் ஓரிடத்தில் கூடினால், புலாவ் தெக்கோங் தீவில் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அளிக்கப்படும் ஆரம்பப் பயிற்சி இளகிப்போய்விட்டதென்று விசனப்படாமல் அவர்கள் கலைவது அபூர்வம். இந்த அபிப்பிராயம் நிரூபணமான விஷயத்தைப் போலவே நடமாடுவதால், அதற்குச் சொல்லப்படும் ஆதாரங்களைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

சேரும் நாளன்று தாய்தந்தையரும் படகேறித் தீவுக்குச் சென்று, பிள்ளை படுக்கும் இடத்தைப் பார்வையிட்டு, உணவுக்கூடத்தில் அவனோடு உண்டு திரும்புவது முதல் குற்றச்சாட்டு. ஆனால் 1967 மார்ச்சில் தேசிய சேவைக்கான சட்டம் நிறைவேறி, ஆகஸ்டில் முதல் அணியினர் சேர்ந்தபோதே, சமூக நிலையங்களில் அவர்களுக்கு வழியனுப்பு விருந்துகள் நடந்தன. நல்ல இரும்பை ஆணியாக்குவதில்லை, நல்ல பிள்ளையைச் சிப்பாயாக்குவதில்லை என்ற சீனப் பழமொழியில் ஊறிய குடும்பங்களின் சம்மதத்தைப் பெறாமல் கட்டாய சேவை நிலைத்திராது என்பதை அன்றைய அரசாங்கம் அறிந்திருந்தது. ஆகவே இந்த உபசாரம் நேற்று முளைத்ததன்று.

இடையறாத ஏழு மணி நேர ஓய்வும், நேரத்துக்கு நேரம் வரிசையில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைப்பதும் செல்லம் கொடுப்பதாகும் என்பது அடுத்த வாதம். எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படுவதும், எல்லாவற்றிலும் பலவீனமானதும் இதுவே. பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரிகூட விலகாத அத்தீவில், காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை; வியர்வை உலராவிட்டால் சரீரத்தின் உஷ்ணம் தணிவதில்லை; தணியாத உஷ்ணத்தோடு சுமையையும் தூக்கி ஓடுகிறவன் எத்தனை திடசித்தம் உள்ளவனாயினும் விழுவான், சில சமயம் எழாமலும் போவான். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை அதட்டலினால் துரிதப்படுத்த முடியாது. தாகத்தை அடக்கினால் தண்ணீரில்லாமலே இயங்க உடல் கற்றுக்கொள்ளும் என்று முன்பு பல நாட்டுப் படைகள் நம்பியதுண்டு. உடல் அப்படி எதையும் கற்பதில்லை. குடிக்கச் சொல்லும் சார்ஜண்டு சிப்பாயைத் தாலாட்டவில்லை. மாலைவரை அவன் உபயோகப்படும்படி வைத்திருக்கிறார்.

உடல் பருத்தவர்களுக்குப் பயிற்சியைப் பல வாரம் நீட்டுவது சலுகையென்பாரும் உண்டு. மற்றவன் ஒன்பது வாரத்தில் கரையேறும்போது தான் மட்டும் தீவிலேயே இருப்பதைச் சலுகையாகக் கருதிய பையன் யார் என்று அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பழைய வசவுகளும் மனம்போன தண்டனைகளும் குறைந்துவிட்டன என்பது மெய். அவற்றால் ஒருவனுடைய குறி செம்மைப்பட்டதாகவோ, அவன் பாதம் உறுதிப்பட்டதாகவோ எனக்குத் தெரியவில்லை. குறையாமல் இருப்பவற்றைப் பார்ப்பதே நியாயம். மலாய் மொழியில் ஒலிக்கும் ‘செடியா’ என்ற கட்டளைக்குத் தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஒருசேர விறைத்து நிற்கிறார்கள். காட்டுப் பாசறையில் குளியலின்றி, பவுடரையே குளியலாகக் கொண்டு, தாமே தோண்டிய குழிக்குள் சேற்றோடு கிடக்கிறார்கள். முடிவில் மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து 24 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இவற்றை இளகியது என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும்.

இறுதியாக, 2015-இல் உடற்தகுதிச் சோதனையை ஐந்து அங்கங்களிலிருந்து மூன்றாகக் குறைத்தார்களே என்கிறார்கள். தண்டால், படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றில் ஓட்டம் பழைய தூரத்திலேயே இருக்கிறது. எஞ்சிய இரண்டும் வீட்டுக் கூடத்திலேயே பழகக்கூடியவை என்பதால், பயிற்சி செய்யவில்லை என்பதற்குச் சாக்குத்தான் இல்லாமற்போயிற்று. தவிரவும், அச்சோதனை தெக்கோங் பிள்ளைகளுக்கு மாத்திரம் வகுக்கப்பட்டதன்று. நாற்பது வயதை நெருங்கும் சேமப்படையினரும் அதையே தத்தம் வயதுக்கு வகுக்கப்பட்ட கணக்குப்படி செய்கிறார்கள், நன்றாகச் செய்தால் ரொக்கப் பரிசும் பெறுகிறார்கள். சோதனை எளிதாகிவிட்டது என்ற காரணத்துக்காக அந்தப் பரிசை வேண்டாமென்று மறுத்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.