நீரில் நழுவும் நீல வட்டம்

பழைய தையல் இயந்திரம் ஒன்று இருந்த வீட்டிலே வளர்ந்தவர்களுக்கு, அதன் கரிய உடலின்மேல் மின்னிய பொன்னிறக் கொடிகளும் பூக்களும் மறந்திரா. சிங்கர் இயந்திரம் 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அந்தக் கோலங்களை யாரோ ஓர் ஓவியர் தூரிகை கொண்டு தீட்டினார் என்றே சிறுவயதில் நான் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. காகிதத்தில் அச்சிட்ட படத்தை நீரில் நனைத்து, இரும்பின்மேல் நழுவவிட்டு, மேலே வார்னிஷ் பூசிக் காயவிட்டிருக்கிறார்கள். அப்பாமார் அருமையாகப் பேணிய றலி சைக்கிளின் சட்டத்தில் இருந்த எழுத்துகளும் இவ்வாறு வந்தவையே.

ஆங்கிலத்தில் இதனை டெக்கல் என்பர். நாம் நீரொட்டுப் படம் எனலாம். இதன் அமைப்பு எளிது. அடியில் தடித்த காகிதம். அதன்மேல் நீரிற் கரையும் பசை. பசையின்மேல் மெல்லிய வார்னிஷ் ஏடும் அதனோடு ஒன்றிய அச்சுமையும். காகிதம் நீரை உறிஞ்சியதும் பசை இளகும். படம் தாங்குவாரின்றி நழுவும். அந்தச் சில கணங்களில் அதனை உரிய இடத்தில் இருத்திவிட வேண்டும்.

பிளாஸ்டிக் விமான மாதிரிகள் செய்யும் மாணவர்கள் பலர் இக்கட்டத்தில்தான் மனம் தளர்கின்றனர். எயர்பிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிற்பயர் மாதிரியை வெளியிட்ட காலந்தொட்டு உலகெங்கும் இளைஞர்களும் முதியவர்களும் இவ்வேலையில் ஈடுபட்டு வருகின்றனர். 72 இல் ஒரு பங்கு என்பது மிகவும் பழகிப்போன அளவு. வெட்டுவதில் பிழை நேர்ந்தால் அரத்தால் தேய்க்கலாம்; நிறத்தில் பிழை நேர்ந்தால் மறுபடி பூசலாம். நீரொட்டுப் படம் கிழிந்தாலோ வேறு படம் கிடையாது. பெட்டியில் வருவது ஒரே ஒரு தாள். வாரக்கணக்கான உழைப்பு அந்தத் தாளின் தயவில் நிற்கிறது.

என்னிடம் அத்தகைய தாள் ஒன்று இருந்தது. 2003 ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், இலண்டனிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு விமான மாதிரிப் பெட்டியைக் கொண்டு வந்தார். நாங்கள் அப்போது கிளிநொச்சியில் இருந்தோம். பெட்டியின் மேலிருந்த படத்தைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வானத்திலை பறக்கிறது காணாதெண்டு வீட்டுக்குள்ளையும் ஒண்டோ?" என்றார். விமான இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய தாய் வேறெப்படிச் சொல்வார்? பெட்டி வவுனியாவில் உறவினர் வீட்டுக்குப் போயிற்று. அதனாலேயே அது பிழைத்தது. 2008 இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது வீட்டிலிருந்த மற்றப் பொருள்கள் அநேகமாக எல்லாம் போயின.

கடந்த விடுமுறையில் என் மகள் அப்பெட்டியை உறவினர் வீட்டு அலுமாரியின்மேல் கண்டெடுத்தாள். அவள் போர் முடிந்தபின் பிறந்தவள். அவளுக்கு அது வெறும் விமானம். பெட்டியினுள் இருந்தது பிரிஸ்டல் போபோர்ட்: இரண்டு இயந்திரங்கள், நால்வர் ஏறிச் செல்லும் அமைப்பு, கப்பல்களைத் தாக்க ஒரு டோப்பீடோ. உண்மை விமானத்தின் இரு சிறகுகளும் சேர்ந்து ஏறத்தாழ 17.6 மீற்றர் அகலம். மாதிரியில் அது இருபத்து நான்கரைச் சென்ரிமீற்றர்.

இந்த விமானத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச விமானப்படை வவுனியாவில் ஒரு விமானத்தளம் வைத்திருந்தது. அதன் 22 ஆம் படையணி போபோர்ட் விமானங்களுடன் அங்கே நின்றது. கடலிற் செல்லும் கப்பல் வரிசைகளுக்குக் காவல் பறப்பது அவற்றின் வேலைகளுள் ஒன்று. 1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி கொழும்பிலும், 9 ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. மீண்டும் வருவார்களோ என்ற அச்சம் நாடெங்கும் இருந்த காலம் அது.

இங்கேதான் நீரொட்டுப் படத்தின் கதை தொடங்குகிறது. பிரித்தானிய விமானத்தின் அடையாளம் வட்டத்துள் வட்டமாக அமைந்தது. அதன் நடு சிவப்பு. யப்பானிய விமானத்தின் அடையாளமோ சிவப்பு வட்டமேதான். தரையிலிருந்து துப்பாக்கியைக் குறிவைத்து நிற்பவனுக்கு ஒரு கணப்பொழுதில் தெரிவது சிவப்பு மட்டும். தன் பக்கத்து விமானத்தையே அவன் சுட்டுவிடலாம். ஆகவே ஆசியப் போர்முனையில் பிரித்தானியர் அந்தச் சிவப்பை நீக்கினர். கருநீல வட்டத்தின் நடுவே வெளிர்நீலம் வைத்தனர். அமெரிக்கரும் 1942 மே மாதத்தில் தம் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அகற்றினர். ஒரு சிறு வட்டத்தின் நிறத்தில் மனித உயிர் தங்கியிருந்தது.

எங்கள் பெட்டியிலிருந்த தாளில் சிவப்பு நடு கொண்ட வட்டங்களே இருந்தன. அவை ஐரோப்பிய முனைக்கு உரியவை. "வவுனியாப் பிளேன் எண்டால் சிவப்பு இருக்கக்கூடாதே, அப்பா" என்றாள் மகள். அன்றைய விமானப்படையினர் செய்ததையே நாமும் செய்வோம் என்று முடிவு செய்தோம். மேற்சிறகு வட்டங்களில் நீலமும் சிவப்பும் மட்டுமே உண்டு. அவள் தாளின் மீதே, மெல்லிய தூரிகையால், சிவப்பின்மேல் முதலில் வெள்ளையும் அது காய்ந்தபின் வெளிர்நீலமும் பூசினாள். மற்ற வட்டங்களையும் வேண்டாத ஓரங்களை ஒதுக்கி அவ்வாறே மாற்றினாள்.

அடுத்து வந்த பிழை என்னுடையது. தாளைச் சோதிக்காமல், கீழ்ச்சிறகு வட்டம் ஒன்றை வெட்டிக் கிணற்று நீரில் இட்டேன். அது தாளை விட்டு எழும்போதே ஏழு துண்டுகளாக உடைந்தது. இருபது ஆண்டுக்கு மேலாக ஓட்டின் கீழ் வெக்கையில் கிடந்த வார்னிஷ் ஏடு, காய்ந்த வெங்காயத் தோல்போல் நொறுங்கிப் போயிருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பூசிய வெளிர்நீலம் தட்டின் அடியில் மிதந்தது.

ஆகவே பழைய தாளைக் கையாளும் மாணவர்கள் முதலில் வேண்டாத எழுத்து ஒன்றை வெட்டி நீரில் இட்டுப் பாருங்கள். முழுதாக வந்தால் கவலையில்லை. உடைந்தால், தாள் முழுவதின்மீதும் நிறமற்ற வார்னிஷை இரண்டு முறை மெல்லியதாகப் பூசி, ஒருநாள் காயவிடுங்கள். உடைந்த ஏட்டுக்கு அது புதிய தோலாகும். அதன்பின் தாள் முழுதும் ஒரே ஏடாகிவிடுவதால், ஒவ்வொரு படத்தையும் அதன் ஓரத்தை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். தாள் மஞ்சளித்திருந்தால், வார்னிஷ் பூசுமுன் அதனைப் பொலித்தீன் பையிலிட்டு வெயில் படும் யன்னற் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள். வெயில் மஞ்சளை வெளுக்கும். எங்கள் வன்னி வெயில் வேகமானது. மாலைதோறும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, படம் இருக்கப்போகும் பரப்பு. போர்விமானத்தின் நிறம் மங்கலானது. மங்கலான பூச்சு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தது. அதன்மேல் படம் இருந்தால் பள்ளங்களில் காற்று அகப்படும். அந்தக் காற்றில் ஒளி பட்டு, படத்தின் கண்ணாடிபோன்ற ஓரம் வெள்ளிபோல் பளிச்சிடும். எவ்வளவு அழகாகச் செய்த மாதிரியையும் அந்த வெள்ளி காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மங்கலான வார்னிஷைப் பூசிப் பழைய தோற்றத்தை மீட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, நீர். எங்கள் கிணறுகளில் பல சுண்ணாம்பு மிகுந்தவை. கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்நீர் காய்ந்தால் படத்தைச் சுற்றி வெண்தடம் விடும். பற்றரிக்கு ஊற்றவென விற்கும் வடிநீர் ஒரு போத்தல் போதும், இளஞ்சூடாக இருக்கட்டும். படத்தைப் பத்துப் பதினைந்து விநாடி அமிழ்த்திச் சாமணத்தால் எடுத்து, ஈரத் துணியின்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுதும் கரைந்துபோம். தூரிகை நுனியால் தொட்டதும் படம் அசைந்தால், நீர்த்துளி இட்ட பரப்பின்மேல் காகிதத்தோடு வைத்து, படத்தை மட்டும் நழுவவிட்டுக் காகிதத்தை உருவுங்கள். இடம் சரியானதும் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரை ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம்.

நான்காவது கட்டமே கடினமானது. விமானத்தின் உடல் வளைந்தது. தகடுகள் பொருந்தும் கோடுகள் அதில் ஓடுகின்றன. படம் அந்தக் கோடுகளின்மேல் பாலம்போல் நின்றால் ஒட்டிய காகிதமாகவே தோன்றும். ஏட்டின் தடிப்பு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், 72 மடங்கில் அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த தகடாகும். இதற்கென இளக்கும் திரவங்கள் விற்கிறார்கள். மைக்ரோ செற் என்பது மென்மையானது. படத்தின் அடியில் இடுவது. மைக்ரோ சொல் என்பது வலியது; படம் இருந்தபின் மேலே தடவுவது. முன்னையது கிடையாதவிடத்து, நீர் கலந்த வினாகிரியை வேண்டாத படமொன்றில் சோதித்தபின் பயன்படுத்தலாம்.

வலிய திரவம் பட்டதும் ஏடு மெழுகுபோல் இளகும், பின்னர் சுருங்கும். முதன்முறை காண்பவர் எல்லாம் கெட்டுப் போயிற்று என்றே நினைப்பர். எங்கள் உடல்வட்டமும் கிழவியின் கன்னம்போல் சுருக்கம் விழுந்து நின்றது. ஏற்கெனவே ஒன்றை உடைத்தவன் நான். இதையும் இழக்க மனமின்றி விரலால் நீவப் போனேன். "அப்பா, கையை எடுங்கோ" என்றாள் மகள். அவள் சொன்னதே சரி. இளகிய ஏட்டை அந்நேரம் தொட்டால் அது விரலோடு வந்துவிடும். விட்டுவிட்டால், காயும்போது தானாகவே இழுபட்டு, ஒவ்வொரு கோட்டினுள்ளும் இறங்கிப் படியும். எங்காவது வெள்ளிப்புள்ளி மிஞ்சினால், மறுநாள் நுண்ணிய ஊசியால் குத்தி, மேலும் ஒரு துளி திரவம் இட்டாற் போதும்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். நான் இரவில் இரு முறை எழுந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடிந்தபோது சுருக்கம் ஒன்றும் இல்லை. தகட்டின் கோடுகள் நீலத்தினூடே தெரிந்தன. தூரிகையால் தீட்டியதுபோல் வட்டம் உடலோடு ஒன்றியிருந்தது. நான் உடைத்த கீழ்ச்சிறகு வட்டத்துக்குப் பதிலாக மகள் கவராயம் கொண்டு கோடிட்டு, கையாலேயே வரைந்தாள். உற்றுப் பார்த்தால் அதன் ஓரம் சற்று நெளிந்திருக்கும்.

அன்று காலை அம்மா தேநீருடன் வந்தார். மேசையின் அருகே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"உது ஆற்றை பிளேன்?"

"வவுனியாவிலை நிண்டது, அப்பம்மா. சிவப்பு இருந்தால் எதிரியின்ரை எண்டு தங்கடை ஆக்களே சுட்டுப்போடுவினம் எண்டு அதை எடுத்துப்போட்டினம்."

அம்மா சிறிது யோசித்தார். "அப்ப, அந்த நாளையிலும் சனம் மேலை பாத்துப் பாத்துத்தான் இருந்திருக்குது" என்றார்.

நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. 2003 இல் சொன்ன சொல்லை அவர் மறுபடி சொல்வாரோ என்று காத்திருந்தேன். அவர் தேநீர்க் கோப்பையை விமானத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, "தூசு பிடிக்கும், பிள்ளை, ஒரு மெல்லிய துணி போட்டு மூடி வை" என்றார்.