உதிரிப் பாகம் இல்லாமல் என்ன உரிமை?



சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்கும் நம் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலரோடு சங்கத்துக்கு வந்தார். மகனுக்காகக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. குச்சியிலிருந்து விரலை எடுத்த பிறகும் திரையில் பொம்மை இடப்பக்கமே ஓடுகிறது. "பாகம் கிடையாதாம் அண்ணாச்சி, புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார்.

கிழக்கேகோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் நம் தம்பி அதைத் திறந்து காட்டினான். குச்சியை ஒட்டி இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று இட வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலும் இதே ஜாதிதான். உள்ளே கார்பன் தடத்தின் மேல் உலோக நாக்கு உரசுகிறது. தடம் தேய்ந்தால் கை வைக்காமலே கட்டளை போகும். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் வகையில் இந்த உரசல் கிடையாது. ஆகவே இந்தத் தேய்மானம் தலைவிதி அல்ல. உற்பத்தியாளர் செய்த தேர்வு.

பதினான்கு கால்களின் ஈயத்தை உருக்கிப் பழையதைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. தம்பியிடம் திறமை உண்டு, பாகம்தான் இல்லை. பழவங்காடி வரை கடை கடையாக ஏறி இறங்கினோம். பொருந்துவது கிடைக்கவில்லை. முடிவில், செத்துப்போன இன்னொரு கன்ட்ரோலரிலிருந்து கழற்றித்தான் இதற்கு உயிர் கொடுத்தோம். 1973-ல் கெல்ட்ரான் பிறந்த நகரத்தில் இந்த நிலை!

ரயில்வே ஸ்டோர்ஸில் சாதாரண போல்ட்டுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. எண்ணைச் சொன்னால் பொருள் எதுவென்று யாருக்கும் சந்தேகம் வராது. வண்டி ஓட வேண்டும் என்று நினைப்பவன் உதிரிப் பாகத்துக்கும் கணக்கு வைக்கிறான். விற்றதோடு கை கழுவுகிறவனுக்கு அந்தக் கவலை ஏது?

"விளையாட்டுச் சாமான்தானே" என்பார்கள். சட்டம் இயற்றுவோரும் அப்படியே நினைக்கிறார்கள். கலிபோர்னியா 2023-ல் கொண்டுவந்த பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் வீடியோ கேம் கருவிகளை விலக்கிவிட்டது. நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளம் விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளைச் சொல்கிறது. அது தகவல் தரும். பாகத்தை விற்றே தீர வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்தாது.

ஆனால் கூடிக் கேட்டால் கிடைக்கும். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் 2021-ல் ஒன்றாகப் புகார் கொடுத்தன. 2023-ல் நின்டெண்டோ நிறுவனம் தன் ஜாய்-கான் கன்ட்ரோலரின் இதே கோளாறை, வாரண்டி முடிந்த பின்னும் அங்கே இலவசமாகச் சரிசெய்ய ஒப்புக்கொண்டது.

நாம் கேட்பது இலவசம்கூட அல்ல. பாகத்தை எண்ணோடும் விலையோடும் கடையில் விற்கச் சொல்கிறோம். அது வந்தால் கூலிக்காரன் வீட்டுக் காசு மிஞ்சும். பழுது பார்க்கும் நம் பையன்களின் பிழைப்பும் நிலைக்கும். பாகம் மறுக்கப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகாரைப் பதியுங்கள். செத்த கன்ட்ரோலர்களைக் குப்பையில் போடாதீர்கள். சங்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், அதில் கொண்டுவந்து போடுங்கள். சட்டம் வரும்வரை அதுவே நம் ஸ்டோர்ஸ்!