சேம அச்சும் சோற்றுப் பொட்டலமும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறவன். தை மாதம் விடுப்பில் வந்து, மரக்காணம் உப்பளத்தில் தொடங்கி வேதாரண்யம் உப்பளம் வரை கடலோரமாகவே நடந்து போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. சாலைவழி கணக்கிட்டாலும் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். பட்டியல் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் விமானம் இறங்கும் நேரம், இரண்டாம் பக்கத்தில் பேருந்தும் தங்குமிடமும், மூன்றாம் பக்கத்தில் கொண்டு செல்லும் பொருள்கள். “ஐயா, நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டும்” என்று முடித்திருந்தான், விடைத்தாளைக் கொடுப்பது போல.

குயிலாப்பாளையத்தில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி வாசிப்பதுண்டு. அங்கே இந்தப் பட்டியலைக் காட்டினேன். சிரித்தார்கள். கவிதை எழுதும் நண்பர் ஒருவர், “நடக்கப் போகிறவன் கணக்குப்பிள்ளை மாதிரி பட்டியல் போடுவானா? பாணன் யாழை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பாணன் வெறுங்கையோடு கிளம்பினான் என்பதே முதலில் சரியில்லை. அவன் கையில் ஒரு பெரிய வழிக்குறிப்பு இருந்தது. அதற்குத்தான் ஆற்றுப்படை என்று பெயர். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், இனிமேல் போகிறவனுக்கு வழி சொல்கிறான். எந்த வழி, எந்த ஊர், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், கடைசியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பத்துப்பாட்டில் நம் மண்ணைப் பாடும் சிறுபாணாற்றுப்படையையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் மேல் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். வேலூர் என்பது இன்றைய வேலூர் அன்று, நம் பக்கத்து உப்புவேலூர் என்பர். கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட உலர்மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று நிலத்துக்கு நிலம் மாறும் உணவு வரிசையாக வருகிறது. இதை ஐந்திணை வருணனை என்று வகுப்பில் நடத்திவிட்டுப் போகிறோம். நடந்து பார்த்தவனுக்கு இது வழியுணவுக் கணக்கு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒவ்வோர் ஊரிலும் உணவோடு சேர்த்து ஒரு பெண் சொல்லப்படுகிறாள். ஓரிடத்தில் தேறல் வடித்த நுளைமகள், ஓரிடத்தில் எயிற்றி, ஓரிடத்தில் உழவர் வீட்டுத் தங்கை. யாழை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிய பாணனின் மறுமுனையில் அடுப்படியில் இவர்கள் நிற்கிறார்கள்.

பாணனை விடுங்கள். அன்றைக்கு நெடுவழி நடந்தவர்களில் தொழில்முறைக்காரர்கள் உமணர்கள், உப்பு வணிகர்கள். புறநானூற்றில் ஒளவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது (102ஆம் பாட்டு) உமணர் வண்டியைத்தான் உவமை ஆக்குகிறார். எருதுகள் இளையவை, சுமையோ பெரிது, வழியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினி அப்படிப்பட்டவன் என்கிறார். ஒரு தலைவனைப் புகழ ஒளவைக்குக் கிடைத்த உயர்ந்த பொருள் முன்னேற்பாடாகக் கட்டிய ஒரு கட்டை! நம் கவிதை நண்பர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பெருமைப்படத் தக்கதல்ல. 1998இல், முதுகலை படித்த நாள்களில், நாங்கள் நால்வர் குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணத்துக்கு நடந்தோம். கழுவெளியைச் சுற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். திட்டம் என்று கூடச் சொல்லக்கூடாது, பேச்சு. சித்திரை மாதம். ஆளுக்கொரு புட்டி தண்ணீர், ஒரு நோட்டுப்புத்தகம். நடுப்பகலில் உப்பளத்தை எட்டியபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பாத்திகளின் வெண்மையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சுற்றிலும் தண்ணீர், அத்தனையும் உப்பு. வரப்போரத்தில் ஓலை நிழலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குடம். “குடிங்க தம்பி” என்றார். குடித்தோம், நால்வரும், போதும் என்ற எண்ணம் வரும்வரை.

அதன் பிறகுதான் அங்கே நிலத்தடி நீரும் உப்பு என்பதும், அந்தக் குடம் காலையில் ஊரிலிருந்து இடுப்பில் வந்தது என்பதும், அன்றைய வேலை முடிய மீதிப் பொழுதுக்கு அவரோடு இருந்த மூன்று பேருக்கும் அதுதான் என்பதும் தெரிந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. குடத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனார். ஊருக்குத் திரும்பி நான் அந்த நடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் “விருந்தோம்பல்” என்ற சொல் ஐந்து முறை வந்தது. ஐந்தும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

முன்னேற்பாடு இல்லாமல் நடப்பது விடுதலை என்று பேசுகிறவர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான். நாம் சுமக்காத சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை. வழியில் யாரோ ஒருவர் தலைக்கு மாறுகிறது. பெரும்பாலும் நம்மைவிட இல்லாதவர் தலைக்கு.

மாணவன் சென்று சேர நினைக்கும் வேதாரண்யமே இதற்கு நல்ல பாடம். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில், ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். 150 மைல். 28ஆம் தேதி வேதாரண்யம். சராசரி நாளுக்குப் பத்து மைல் என்று பார்த்தாலே தெரியும், இது ஆவேசத்தில் கிளம்பிய கூட்டம் அல்ல. ஒவ்வொரு தங்கலும் முன்பே பேசப்பட்டது. வேதாரண்யத்தில் முகாமுக்கான ஏற்பாட்டை வேதரத்தினம் பிள்ளை பார்த்துக்கொண்டார்.

இந்த யாத்திரையை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்னை. நடப்பவர்களை அவர் முதலில் தொடவில்லை. அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். அச்சை விட்டுவிட்டுச் சேம அச்சை உடைக்கப் பார்த்த தந்திரம். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். வேறு ஊர்களில் சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கின. கொடுத்தவர் யார் என்று மரத்தைக் கேட்க முடியாதல்லவா? இந்தக் காட்சியை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டு நெகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அது திடீரென நிகழ்ந்த அற்புதம் அன்று. இன்ன நாள் இன்ன வழியில் வருவார்கள் என்று அந்த ஊர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் கட்டித் தொங்கவிட முடிந்தது.

தண்டியிலும் அப்படித்தான். காந்தி கிளம்புமுன்பே குஜராத் வித்யாபீட மாணவர்கள் வழியூர்களுக்குப் போய் வேண்டிய ஏற்பாடுகளைப் பார்த்தார்கள். எளிய உணவு போதும், தங்கச் சுத்தமான இடம் வேண்டும், கழிப்பிடம் வேண்டும் என்று காந்தி முன்கூட்டியே எழுதியிருந்தார். அப்படியும் ஏற்பாடு வழிமீறியது. மார்ச் 29 அன்று பட்காம் என்ற ஊரில் அவர் பேசிய பேச்சு தன் ஆட்கள் மேலேயே வைத்த குற்றச்சாட்டு. சூரத்திலிருந்து லாரியில் பால் வந்திருக்கிறது. கிட்சன் விளக்கைக் கூலியாள் ஒருவர் தலையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். ஏழைகளின் பேரால் நடக்கிற நடையில் ஒரு ஏழையின் தலையில் விளக்கு! காந்தி கேட்டது முன்னேற்பாடே கூடாது என்பதன்று. அதன் பாரம் யார் தலையில் என்பதைத்தான்.

இனி மாணவனின் பட்டியலுக்கு வருகிறேன். அவன் பக்கமும் முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன். அவனுடைய முன்மாதிரி அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதை. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல். அங்கே பல நாள் கடையில்லாத வனாந்தரம் உண்டு. நடப்பவர்கள் உணவுப் பெட்டிகளை வழியிலுள்ள சிற்றூர்த் தபால் நிலையங்களுக்கு முன்பே அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து இவனும் பதினொரு நாளுக்கான பொடி உணவைப் பொட்டலம் போட்டுக் கொண்டுவரப் போகிறான். நம் கடற்கரையில் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை உண்டு. அந்த மூன்றாம் பக்கத்தை அப்படியே செய்தால் மரக்காணத்திலிருந்து வேதாரண்யம் வரை ஒருவரோடும் வாய் திறவாமல் போய்ச் சேரலாம். அது நடையா, தபாலா?

ஆகவே சிவப்பு மையால் திருத்தினேன். விமானம் இரவு இரண்டு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. விடியலில் நடை தொடக்கம் என்று போட்டிருந்தான். அதை அடித்தேன். விடியும்வரை நிலையத்திலேயே இரு. பிறகு புதுச்சேரிப் பேருந்து ஏறு. திண்டிவனம் வழி வேண்டாம், கடற்கரைச் சாலை வழி என்று கேட்டு ஏறு. பெரிய முதலியார்சாவடியில் இறங்கி மேற்கே மேடேறினால் குயிலாப்பாளையம். இரண்டு நாள் என் வீட்டில் தூங்கு. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், கைப்பையிலும் சரி, சரக்கிலும் சரி. அடுப்பே வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பொடி உணவில் இரண்டு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள். அதுதான் உன் சேம அச்சு.

பெரிய பிழை ஒன்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வரைபடத்தில் கடற்கரையை நேர்கோடாக அளந்து நாளுக்கு 25 கிலோமீட்டர் என்று வகுத்திருந்தான். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என்று கடலில் விழும் ஆறுகள் ஒவ்வொன்றும் வழிமறிக்கும். பாலங்கள் கழிமுகத்தில் இல்லை; உள்ளே தள்ளி இருக்கின்றன. பாலத்துக்கு நடக்கலாம், அல்லது மீனவரிடம் படகு கேட்கலாம். படகு கேட்பதானால் முதல் நாளே கேட்க வேண்டும், கூலி பேசியே கேட்க வேண்டும். கடலுக்குப் போகிற நேரத்தில் போய் நின்று உதவி என்று கேட்கக் கூடாது.

கடைசியாக ஒரு நான்காம் பக்கத்தைச் சேர்த்தேன். தங்கப் போகும் ஊர்களின் பெயர். எதிரே ஒரு கட்டம், ‘யாரிடம் சொல்லியாயிற்று?’ என்று. எனக்குத் தெரிந்த மாணவர்கள் இருக்கும் ஊர்கள் நான்கு. அவற்றை நிரப்பினேன். மீதிக்கு நடந்துகொண்டே முந்தின நாள் சொல்லி அனுப்பச் சொன்னேன். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். வாங்க மாட்டார்கள் என்று பதில் போட்டான். கடையில் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு மரக்காணம் போய்வந்தேன். அந்தப் பெண்மணியைத் தேடவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பின் முகம் நினைவில்லை. தை மாதம் பாத்தி கட்டும் வேலை நடக்கும் என்றார்கள். முதல் நாள் பகல் அவன் அந்த வழியாகத்தான் போக வேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “நாங்கதான் எடுத்தாறோம், ஏன் சார்?” என்றார் வரப்பில் நின்றவர். பட்டியலில் முதல் நாளுக்கு இரண்டு லிட்டர் என்றிருந்ததை ஐந்து என்று மாற்றி, இன்று காலை அனுப்பிவிட்டேன்.